10 பிள்ளைகள் இருந்தால்தான் பள்ளிக்கூடம்: விடுபட்டுப் போனவர்களுக்கு நம்ம சமூகம் நடத்திய வகுப்புகள்

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, நிதானமா உட்கார்ந்து படிங்க. கடைசியில ஒரு முக்கியமான விஷயம் இருக்கு. அதனால பாதியில விட்டுடாதீங்க.

விஜயதசமி அன்னிக்கு நம்ம கோயில்ல ஏடு தொடக்கம் நடந்தது உங்களுக்குத் தெரியும். தாம்பாளத்துல அரிசி பரப்பி, குருக்கள் பிள்ளைங்க விரலைப் பிடிச்சு 'அ' எழுத வச்சார். எல்லாம் 3 வயசு, 4 வயசுப் பிள்ளைங்க. ஒரு பையன் எழுத மாட்டேன்னு அழுது அரிசியை அள்ளி வாயில போட்டுக்கிட்டான், படம்கூட போட்டிருந்தோம். நாங்க தொண்டர்கள் வரிசையைப் பார்த்துக்கிட்டிருந்தோம். தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரு பொண்ணு நின்னுச்சு. 11 வயசு இருக்கும். தம்பிக்கு எழுதி முடிஞ்சது. ஆனா அந்தப் பொண்ணு போகலை. எங்க பக்கத்துல வந்து மெதுவா, "மாமா, நானும் எழுதலாமா?"னு கேட்டுச்சு.

நாங்க முதல்ல விளையாட்டுக்குக் கேக்குதுன்னு நெனச்சோம். "நீ எந்த ஸ்கூல்மா?"னு கேட்டோம். பதில் இல்லை. தலையைக் குனிஞ்சுக்கிச்சு. அப்புறம்தான் புரிஞ்சது. அந்தப் பொண்ணு ஒரு நாள்கூட பள்ளிக்கூடம் போனதில்லை. அர்ச்சனைச் சீட்டுல தன் பேரை எழுதத் தெரியாது.

இதை வாட்ஸ்அப்ல சொன்னப்போ நம்ம அன்பர்கள் பலர், "இந்தக் காலத்துலயா?"னு கேட்டாங்க. சிலர், "அப்பன் ஆத்தா பொறுப்பில்லாததுங்க"னு எழுதினாங்க. கோபம் நியாயம்தான். ஆனா இது இன்னிக்கு நேத்து வந்த கதை இல்லை. நம்ம தாத்தா பாட்டி காலத்துலேர்ந்து, ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் பிள்ளைங்க பள்ளிக்கூட வாசலைத் தாண்டாமலேயே வளர்ந்திருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைங்களைப் பிடிச்சு உட்கார வச்சது ஏதோ ஒரு கோயில் மண்டபம், இல்லாட்டி ஏதோ ஒரு லயத்து வாசல். அந்தக் கதையைத்தான் எங்களுக்குத் தெரிஞ்ச அளவுல எழுதுறோம். நாங்க பெரிய படிப்பு படிச்சவங்க இல்லை, எஸ்.பி.எம். வரைக்கும்தான். பெரியவங்க சொல்லிக் கேட்டது, அங்கங்க படிச்சது, இவ்வளவுதான் எங்க முதல்.

நம்ம ஆளுங்க இந்த மண்ணுக்கு முதல்ல ஒப்பந்தக் கூலியா வந்தாங்க. அந்த முறை 1910-ல் நின்னுச்சு. அப்புறம் கங்காணி முறை. அதுவும் 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போட்டதும் முடிஞ்சது. இந்தக் காலம் முழுக்க தோட்டத்துக்குத் தேவைப்பட்டது கை. பால் மரம் வெட்ட ஒரு கை, புல்லு பிடுங்க ஒரு கை, மங்கு கழுவ ஒரு கை. பிள்ளைக்கு 9, 10 வயசானா அதுவும் ஒரு கை. சின்னக் கூலி போடுவாங்க. மங்குல ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைப் பொறுக்கிச் சேர்க்கிறது பிள்ளைங்க வேலை. அதுக்கு எழுத்து எதுக்கு?

1923-ல் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. தோட்டத்துல பள்ளி வயசுப் பிள்ளைங்க 10 பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்கணும்னு அதுல இருந்தது. இன்னிக்கு நாம பார்க்கிற பல தமிழ்ப்பள்ளிகளுக்கு வேர் அங்கதான் இருக்கு. நல்ல சட்டம்தான். ஆனா சட்டம் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னதே ஒழிய, எப்படிப்பட்ட பள்ளிக்கூடம்னு தோட்டத்துக்காரங்க பெருசாக் கவலைப்படலை. பல இடத்துல ஆயாக் கொட்டகையில ஒரு மூலை, பெரட்டு நடக்கிற கொட்டகை, கோயில் முன்மண்டபம், இதுதான் பள்ளி. வாத்தியார் யாருன்னா, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிஞ்ச கங்காணி. இல்லாட்டி ஆபீஸ் கிராணி. காலையில கணக்கு எழுதுவார், மத்தியானம் பாடம் சொல்லுவார். ஒரே ஆள், ஒரே கொட்டகை, எல்லா வகுப்பும் ஒண்ணா உட்காரும். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணல்ல விரலால எழுதுவாங்க. சிலேட்டு வாங்கிக் கொடுத்தா அது பெரிய வீட்டுப் பிள்ளை.

துரைமாருக்கு இதுல ஒரு லாபமும் இருந்துச்சு. பள்ளிக்கூடம் இருக்கிற தோட்டத்தை விட்டு குடும்பம் சீக்கிரம் போகாது. ஆள் தங்கும். அதே நேரத்துல பிள்ளை ரொம்பப் படிச்சுட்டா மரம் வெட்ட ஆள் கிடைக்காதுங்கிற நெனப்பும் இருந்துச்சு. அதனால 4-ஆம் வகுப்பு, ரொம்பப் போனா 6-ஆம் வகுப்பு, அதோட நின்னுடும்.

இதுல விடுபட்டவங்க யார் யார்னு பாருங்க. 10 பேருக்கு ஒரு ஆள் குறைஞ்ச சின்னத் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு, சட்டப்படி பள்ளி வைக்க யாருக்கும் கடமை இல்லை. வீட்டுக்கு மூத்த பொண்ணுங்க. அம்மா விடியக்காலையிலேயே பெரட்டுக்குப் போயிடுவாங்க, கைக்குழந்தையை யார் பார்க்கிறது? மூத்த பொண்ணுதான். எங்க வீட்டுப் பாட்டிமார்கள்ல ஒருத்தர் சொல்லுவாங்க, "எனக்கு இடுப்புல எப்பவும் ஒரு பிள்ளை இருந்துச்சு, அதனால கையில சிலேட்டு இல்லை"னு. விஜயதசமி அன்னிக்கு அந்தப் பொண்ணு தம்பியை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னப்போ எங்களுக்கு அந்தப் பாட்டி ஞாபகம்தான் வந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லணும், கசப்பா இருந்தாலும். எல்லாப் பழியையும் வெள்ளைக்காரத் துரை மேல போட்டுட முடியாது. லயத்துல வீடு ஒதுக்கிறதுலயே சாதி பார்த்த காலம் அது. கோயில்ல யார் எதுவரைக்கும் வரலாம்னு கோடு போட்ட காலம். அப்படிப்பட்ட இடத்துல எல்லாப் பிள்ளையும் ஒரே பாயில உட்கார்ந்து படிச்சிருக்கும்னு நம்மால நெனச்சுக்க முடியலை. நம்மால விடுபட்டவங்களும் உண்டு.

தோட்டத்துக்கு வெளியில கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல 1904-லேயே விவேகானந்தா ஆசிரமம் தொடங்கியாச்சு. தமிழ்ப்பள்ளியும் நடத்தினாங்க. சிங்கப்பூர்ல ராமகிருஷ்ண மிஷன் 1928-ல் வந்துச்சு. ஆம்பளைப் பிள்ளைங்களுக்கு விவேகானந்தர் பேர்ல ஒரு தமிழ்ப்பள்ளி, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு சாரதாமணி அம்மையார் பேர்ல ஒரு பள்ளி. பொண்ணுங்களுக்குத் தனியாப் பள்ளி வச்சது அந்தக் காலத்துல சின்ன விஷயம் இல்லை. ஆனா இதெல்லாம் பட்டணத்துல. உள்காட்டுத் தோட்டத்துப் பிள்ளைக்கு அது எட்டாது.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1941 டிசம்பர்லேர்ந்து 1945 வரைக்கும். நம்ம பெரியவங்க இதை "ஜப்பான்காரன் 3 வருஷம் 8 மாசம்"னு மாசக் கணக்கோட சொல்லுவாங்க, அவ்வளவு வேதனை. தோட்டத்துல சம்பளம் இல்லை, அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. அப்பாமார்களை சயாம் மரண ரயில் போட லாரியில ஏத்திக்கிட்டுப் போனாங்க. 415 கிலோமீட்டர் தண்டவாளம். போனவங்கள்ல எத்தனையோ பேர் திரும்பி வரலை. அந்த நேரத்துல பள்ளிக்கூடம் எங்க நடக்கும்? இந்திய சுதந்திரச் சங்கம் அங்கங்க பள்ளி நடத்தினது உண்மை. நேதாஜி பேரைச் சொல்லிச் சொல்லி எழுத்து கத்துக்கிட்டவங்க நம்ம பெரியவங்கள்ல உண்டு. ஆனா எல்லாத் தோட்டத்துக்கும் அது போகலை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. 1942-ல் 7 வயசுல பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைக்கு, சண்டை முடியிறப்போ 10, 11 வயசு. அப்பா சயாம்ல செத்துட்டார்னா அந்தப் பிள்ளைதான் வீட்டுக்கு மூத்த ஆம்பளை. 7 வயசுப் பிள்ளைங்களோட போய் முதல் வகுப்புல உட்காருமா? உட்காராது. வெட்கம். பசி வேற. நேரா மரத்துக்குப் போயிடும். ஒரு தலைமுறையே அப்படிப் போச்சு.

இந்தப் பிள்ளைங்களுக்காகத்தான் இரவுப் பள்ளி வந்துச்சுன்னு நாங்க நம்புறோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாச் சொல்றோம், ஏன்னா இதுதான் எங்களுக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

சண்டைக்குப் பிறகு நம்ம இளைஞர்களுக்கு ஒரு வேகம் வந்துச்சு. கெடாவுல 1946, 47-ல் தொண்டர் படை எழும்பி கள்ளுக்கடையை எதிர்த்தாங்க. தமிழ் முரசு நடத்தின கோ. சாரங்கபாணி மாதிரி ஆளுங்க சீர்திருத்தம், கல்வின்னு ஓயாம எழுதினாங்க. தோட்டங்கள்ல மன்றம், வாசகசாலைன்னு வச்சாங்க. இதெல்லாம் சேர்ந்து, சாயங்காலம் 7 மணிக்கு மேல கோயில் மண்டபத்துல ஒரு கேஸ் விளக்கைத் தொங்கவிட்டு வகுப்பு நடத்தினாங்க. சொல்லிக் கொடுக்கிறவருக்குச் சம்பளம் கிடையாது. பகல்ல அவரும் மரம் வெட்டினவர்தான். படிக்க வர்றவங்க வயசு 10-லேர்ந்து 40 வரைக்கும். அப்பனும் மகனும் ஒரே பாயில உட்கார்ந்து 'ஆனா ஆவன்னா' சொன்ன வீடு உண்டு.

என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னு பெரியவங்ககிட்ட கேட்டோம். முதல்ல பேர் எழுத. ஏன்னா சம்பளத்தன்னிக்கு கைநாட்டு வைக்கிறது அவமானமா இருந்துச்சு. அடுத்தது எண். செக்ரோல்ல எத்தனை நாள் பேர் விழுந்திருக்கு, எத்தனை ராத்தல் பால் போட்டிருக்காங்க, கடைக்காரர் எவ்வளவு பிடிச்சிருக்கார்னு தானே பார்க்கணும். அதுக்கப்புறம் ஊருக்குக் கடுதாசி எழுத. அதுவரைக்கும் கடுதாசி எழுத கிராணிக்கோ வாத்தியாருக்கோ கோழி கொண்டுபோய்க் கொடுக்கணும். வீட்டு ரகசியம் எல்லாம் அவருக்குத் தெரிஞ்சுடும்! நாலாவதா தேவாரம், திருப்புகழ். வாயால மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்டைப் புத்தகத்துல விரல் வச்சுப் பார்க்கிறப்போ, எழுத்து தானா விளங்க ஆரம்பிக்கும். இதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவங்களுக்குச் சொல்லித் தரலை. அனுபவத்துல கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கும் எங்க வகுப்புல இதே வழிதான் வேலை செய்யுது.

அதே காலத்துல சுவாமி சத்தியானந்தா சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். சண்டையில அப்பா அம்மாவை இழந்த பிள்ளைங்க நெறைய இருந்த காலம். பிள்ளைங்களுக்கு வீடு, அதோட படிப்பு. அவருக்குப் பிறகு அன்னை மங்களம் அந்தப் பணியை 2023-ல் அவங்க கண் மூடுற வரைக்கும் பார்த்துக்கிட்டாங்க. சுங்கை சிப்புட்ல துன் சம்பந்தன் முன்நின்று மகாத்மா காந்தி கலாசாலை கட்டி, 1954-ல் திறந்தாங்க. திறந்து வைக்க வந்தவர் நேருவோட தங்கை விஜயலட்சுமி பண்டிட். கொட்டகையில படிச்ச சமூகத்துக்குக் கல்லால ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பக்கத்துப் பெரியவங்க இன்னிக்கும் அதைப் பெருமையாச் சொல்லுவாங்க.

சுதந்திரம் வந்த 1957-ல் நாட்டுல 888 தமிழ்ப்பள்ளி இருந்துச்சு. 1962-லேர்ந்து ஆரம்பக் கல்விக்குக் கட்டணம் இல்லை. இனி விடுபட யாரும் இல்லைன்னுதான் எல்லாரும் நெனச்சாங்க.

ஆனா அதே வருஷங்கள்ல பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. துண்டு வாங்கின புது முதலாளி லயத்தைக் காலி பண்ணச் சொன்னா, பிள்ளை படிப்பு நடு வருஷத்துல அறுந்துடும். அதைப் பார்த்துட்டுத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பிச்சார். தொழிலாளிங்க 10 வெள்ளி, 10 வெள்ளியாப் போட்டுத் தோட்டத்தையே வாங்கினாங்க. அப்புறம் 1969. பிரஜாவுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு ஆச்சு. சிவப்பு அடையாளக் கார்டு வச்சிருந்தவங்களுக்கு இடி விழுந்த மாதிரி. சுமார் 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினாங்கன்னு சொல்றாங்க. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைங்களும் அதுல போச்சு. போகாம இங்க நின்ன குடும்பங்கள்ல வேலை போச்சு, வேலை போனதும் முதல்ல நின்னது பிள்ளைங்க படிப்பு.

இங்கதான் ஒரு மாற்றம் கவனிக்கணும். 1923-ல் பள்ளிக்கூடம் இல்லாததால பிள்ளை விடுபட்டுச்சு. 1969-க்குப் பிறகு பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கும், ஆனா காகிதம் இல்லாததால பிள்ளை விடுபட ஆரம்பிச்சுச்சு.

80-களை வேகமாச் சொல்லிடுறோம். 1979-ல் இ.டபிள்யூ.ஆர்.எப். அமைப்பு, 1982-ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கின ஸ்ரீ முருகன் கல்வி நிலையம். பள்ளிக்குப் போயும் பின்தங்கின பிள்ளைங்களைத் தூக்கிவிட்டது இவங்கதான். வார இறுதி வகுப்பு, கோயில்ல கல்வி யாத்திரை எல்லாம் அப்போ வந்தது. நாங்க எஸ்.பி.எம். தேறினதுக்கு அந்த மாதிரி ஒரு வார இறுதி வகுப்பும் காரணம். அதை மறக்க மாட்டோம். ஆனா அது பள்ளிக்குள்ள இருந்த பிள்ளைங்களுக்கு. பள்ளிக்கே போகாத பிள்ளை யார் கண்ணுக்கும் படலை. தோட்டம் எல்லாம் தாமானாவும், தொழிற்பேட்டையாவும், கோல்ப் மைதானமாவும் மாறினப்போ, நம்ம சனம் புறம்போக்கு வீட்டுக்கும் அடுக்குமாடிக்கும் சிதறிப் போச்சு. லயத்துல ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகலைன்னா வரிசைக்கே தெரியும். 12-ஆவது மாடியில கதவைச் சாத்திக்கிட்டு இருக்கிற பிள்ளை யாருக்குத் தெரியும்?

2003-லேர்ந்து நம்ம நாட்டுல ஆரம்பக் கல்வி கட்டாயம். 6 வயசு நிறைஞ்ச பிள்ளையைப் பள்ளியில சேர்க்காத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லாட்டி 6 மாசம் சிறை, இல்லாட்டி ரெண்டும். இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் ஒரு 11 வயசுப் பொண்ணு எப்படி விடுபட்டுச்சு? நாங்க அந்தப் பொண்ணோட அப்பாவைத் தேடிப் போய் பேசினோம்.

கேட்டதும் எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்பா நம்ம நாட்டுக்காரர். அம்மா வெளிநாட்டுக்காரங்க, வேலைக்கு வந்தவங்க. பெர்மிட் முடிஞ்சு போச்சு. பிள்ளை பிறந்ததைப் பதிய பயந்துக்கிட்டுப் போகலை. "கல்யாணம் பதிஞ்சீங்களா?"னு கேட்டோம். "கோயில்ல தாலி கட்டினோமே"னு சொன்னார். எந்தக் கோயில்னு கேட்டோம். சுவத்துல மாட்டியிருந்த படத்தைக் காட்டினார். நம்ம கோயில். நம்ம மண்டபம். அந்தப் படத்துல பின்னால வாளியைப் பிடிச்சுக்கிட்டு சாம்பார் ஊத்துறது நாங்கதான்.

1982 மார்ச் 1-லேர்ந்து கல்யாணத்தைச் சட்டப்படி பதியணும். வெறும் தாலி மட்டும் கட்டினா சட்டம் அதைக் கல்யாணமா எடுத்துக்காது. அப்படிப் பதியாத கல்யாணத்துல பிறந்த பிள்ளைக்கு அம்மாவோட பிரஜாவுரிமைதான் வரும், அப்பாவோடது வராது. அம்மா வெளிநாட்டுக்காரங்க, இல்லாட்டி அம்மாவுக்கே காகிதம் இல்லைன்னா, பிள்ளை இந்த மண்ணுல பிறந்தும் எந்த நாட்டுப் பிள்ளையும் இல்லை. பிள்ளை இல்லாதவங்க யார்கிட்டேயோ வாங்கி வளர்த்துட்டு, முறைப்படி தத்து எடுக்காம விட்டாலும் இதே சிக்கல்தான். பிறப்பைப் பதிய 60 நாள் கெடு. அதைத் தாண்டினா தாமதப் பதிவு. சாட்சி, கடிதம், நேர்முகம்னு அலையணும். ஒரு நாள் சம்பளம் போனா சாப்பாட்டுக்கு இடிக்கும்கிறவர் எத்தனை நாள் பதிவிலாகாவுக்கு நடப்பார்?

பெற்றோர் பொறுப்பில்லாதவங்கன்னு எழுதின அன்பர்களுக்கு இதைத்தான் சொல்றோம். அவங்க தப்பு இருக்கு, நாங்க இல்லைன்னு சொல்லலை. ஆனா அன்னிக்கு மாலை எடுத்துக் கொடுத்தவங்க, மேளம் வச்சவங்க, மண்டப வாடகை ரசீது எழுதினவங்க, சாம்பார் ஊத்தினவங்க, ஒருத்தர்கூட "பதிவு பண்ணியாச்சா?"னு கேக்கலை. நாங்களும் கேக்கலை.

2011-ல் மைடஃப்தார்னு ஒரு இயக்கம் நடத்தி, நம்ம சமூகத்துல காகிதம் இல்லாதவங்களை நாடு முழுக்கப் பதிஞ்சாங்க. 2019-லேர்ந்து, அப்பா அம்மாவுல ஒருத்தராவது மலேசியரா இருந்தா பிள்ளையைப் பள்ளியில சேர்த்துக்கிட்டு, காகிதத்தை அப்புறம் கொண்டுவர அவகாசம் தர்றாங்க. இந்த விஷயமே அந்த அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசல்ல ஒரு தடவை "சூராட் பெரானாக் எங்க?"னு கேட்டதும் திரும்பி வந்தவர், அதுக்கப்புறம் போகவே இல்லை. இப்போ நாங்க கூடப் போய் மனு கொடுத்திருக்கோம். பதில் வரணும்.

ஆனா பதில் வர்ற வரைக்கும் பிள்ளை வளராம நிக்காது. அதனால விஜயதசமிக்கு அடுத்த சனிக்கிழமையே மடப்பள்ளிக்குப் பின்னால இருக்கிற அறையில ஒரு பாய் விரிச்சோம். முதல் வாரம் அந்தப் பொண்ணு ஒண்ணுதான். இப்போ 9 பேர். 8 வயசுலேர்ந்து 16 வயசு வரைக்கும். (9 பேர்! 1923 சட்டப்படி பார்த்தா எங்களுக்கு இன்னும் பள்ளிக்கூடம் கிடையாது.) ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தர் வர்றாங்க. அவங்க சொன்ன முதல் பாடம் எங்களுக்குத்தான்: பெரிய பிள்ளைங்களுக்குப் பாலர் பள்ளிப் புத்தகத்தைக் கொடுக்காதீங்க, வாத்துப் படம் போட்டதைப் பார்த்தா அதுங்களுக்கு மானம் போகும். அதனால பேர், வீட்டு முகவரி, பஸ் நம்பர், கடை ரசீது, மருந்து பாட்டில், இதுலேர்ந்து ஆரம்பிக்கிறோம். தமிழும் மலாயும் சேர்த்து. பாரம் நிரப்ப மலாய் வேணும். நாங்க ஃபேக்டரியில லைன் பார்க்கிறவங்க. ஏஜெண்டு மூலமா வந்த 19 வயசு நம்ம பையன் ஒருத்தன், கெமிக்கல் டின்னுல 'பஹாயா'னு சிவப்புல எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியாம கையை விட்டதை நேர்ல பார்த்திருக்கோம். கை வெந்து போச்சு. படிக்கத் தெரியாதுன்னு சொல்ல வெட்கப்பட்டு, தெரியும்னு தலையாட்டியிருக்கான். அவனுக்கு 8 வயசுல யாராவது ஒரு பாய் விரிச்சிருக்கணும்.

எங்க வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு மாற்று இல்லை. அதைத் தெளிவாச் சொல்லிடுறோம். காகிதம் கிடைச்சா அன்னிக்கே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிடணும். வயசு கூடிட்ட பிள்ளைங்களுக்குக் கைத்தொழில் பக்கம் வழி பார்க்கணும். கலும்பாங்ல மைஸ்கில்ஸ் அறவாரியம் மாதிரி, படிப்பை விட்ட இளைஞர்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிற இடங்கள் இருக்கு. ஆனா அங்க போறதுக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியணும் இல்லையா. நாங்க செய்யுறது அந்த இடைப்பட்ட வேலைதான். பழைய இரவுப் பள்ளி செஞ்சதும் அதுதான்.

இப்போ முதல்ல சொன்ன அந்த முக்கியமான விஷயம். அந்தப் பின்னறையை இடிச்சு, மண்டபத்தோட சேர்த்து, ஏர்கோன் போட்டு கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம்னு ஒரு யோசனை செயலவையில இருக்கு. செயலவையை நாங்க குறை சொல்லலை. கரண்ட் பில் எவ்வளவு வருதுன்னு எங்களுக்கும் தெரியும், கும்பாபிஷேகத் திருப்பணிக்குப் பணம் வேணும். மண்டப வருமானம் இல்லாம கோயில் நடக்காது. நாங்க கேக்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அறையை எடுத்தா வகுப்புக்கு வேற இடம் காட்டிட்டு எடுங்க. சனிக்கிழமை மண்டபத்துல கல்யாணம் இருந்தா, வாகனம் வைக்கிற கொட்டகையில உட்கார்ந்துக்குவோம், பிள்ளைங்களுக்குப் பிரச்சினை இல்லை. ரெண்டாவது, மண்டபத்தை வாடகைக்குக் கொடுக்கிறப்போ கல்யாணப் பதிவுப் பத்திரத்தைக் காட்டினாத்தான் தேதி குறிக்கணும். பத்திரம் இல்லைன்னா கல்யாணத்தைத் தடுக்கச் சொல்லலை, பதிவுக்கு நாங்களே கூட்டிக்கிட்டுப் போறோம், லீவு போட்டு வர்றோம்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு. சந்தா கட்டின உறுப்பினர்கள் தயவுசெய்து நேர்ல வாங்க. வாட்ஸ்அப்ல கைகூப்புற படம் போட்டா ஓட்டு ஆகாது.

வகுப்பு சனிக்கிழமை சாயங்காலம் 4 மணிலேர்ந்து 6 மணி வரைக்கும், அப்புறம் பிள்ளைங்களுக்கு அன்னதானத்துல சாப்பாடு. உங்க அடுக்குமாடியில, உங்க வரிசையில பள்ளிக்குப் போகாம இருக்கிற பிள்ளை யாராவது இருந்தா கூட்டிக்கிட்டு வாங்க. பேர், காகிதம் எதுவும் வாசல்ல கேக்க மாட்டோம். நோட்டுப் புத்தகம் போதுமான அளவு வந்திருச்சு, உபயம் கொடுத்தவங்களுக்கு நன்றி. பென்சில் சீவுற மெஷின் ஒண்ணும், வெள்ளைப் பலகை ஒண்ணும் தேவை. மலாய் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வேணும், ஷிப்டு வேலையா இருந்தாலும் பரவாயில்லை, மாத்தி மாத்திப் பார்த்துக்கலாம்.

அந்தப் பொண்ணு போன வாரம் அர்ச்சனைச் சீட்டைத் தானே எழுதிக் கவுண்டர்ல கொடுத்துச்சு. தம்பி பேர்ல. நட்சத்திரம் தெரியலைன்னு அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருந்துச்சு. குருக்கள் சுவாமி பேருக்கே பண்ணிட்டார்.